ஊரைப் படிக்காமல் சமூக அறிவியல் ஏது?

பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் போய்ப் பாருங்கள். கடைக்குக் கடை 'சஜெஷன்' கேட்டுப் பிள்ளைகள் நிற்பார்கள். மாத்யமிக் எனப்படும் மேற்கு வங்கப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இந்த வருஷம் எந்தக் கேள்வி வரும் என்று கணித்து, பதிலோடு சேர்த்து அச்சடித்த புத்தகம் அது. டியூஷன் வாத்தியார் தன் பங்குக்கு ஒன்று தருவார். கணக்குக்கும் அறிவியலுக்கும் வருஷம் முழுக்க உழைக்கும் பிள்ளைகள், வரலாறு புவியியல் என்று வந்துவிட்டால் சஜெஷன் போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அதன் பெயர் கைடு, ஒரு மார்க் கேள்வித் தொகுப்பு. மற்றபடி வித்தியாசம் ஒன்றுமில்லை.

என் மகள் சிபிஎஸ்இயில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எதிர் ஃபிளாட் பையன் மாத்யமிக். சென்னையில் அக்கா மகன் மாநிலப் பாடத்திட்டம். மூவரின் புத்தகங்களையும் மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். புத்தகங்கள் மோசமில்லை. மாத்யமிக் பத்தாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடமே, வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதுதான். உணவுக்கு வரலாறு உண்டு, உடைக்கு உண்டு, விளையாட்டுக்கு உண்டு, ஊருக்கும் உண்டு. தன்வரலாறும் கடிதமும் பத்திரிகையும் சான்றாகும் என்று அந்தப் பாடம் சொல்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது. ஆனால் அந்தப் பாடத்துக்கும் சஜெஷனில் இரண்டு மார்க் பதில் இருக்கிறது. "உள்ளூர் வரலாறு என்றால் என்ன?" என்று கேட்டால் பையன் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். அவன் குடியிருக்கும் தெருவைப் பற்றி ஒரு வரி கேட்டால் முழிக்கிறான்.

பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை எதைக் கற்றிருக்க வேண்டும்? என் பதில் இது. எந்தச் செய்தி காதில் விழுந்தாலும், இதை முடிவு செய்தது யார், எதை வைத்து முடிவு செய்தார்கள், கடைசியில் அது யார் தலையில் விடிந்தது என்ற மூன்றையும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விகளைத் தன் ஊரில் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். ஆண்டுகளும் பெயர்களும் அதற்குத் துணையாக வரட்டும்.

இதற்குக் கொல்கத்தாவைப் போல வசதியான ஊர் குறைவு. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

பஞ்சத்தின் கணக்கு

1943 வங்கப் பஞ்சம் பற்றி எழுதச் சொன்னால் வழக்கமான விடை இப்படி இருக்கும்: உலகப் போர், பர்மா வீழ்ச்சி, புயல், பதுக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, நாலு பாயிண்ட், நாலு மார்க். நாலும் உண்மைதான். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது, பர்மா அரிசி நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று மேதினிப்பூர் கரையைப் பெரும் புயல் தாக்கியது. ஜப்பானியர் கடல்வழியாக வந்துவிட்டால் அவர்களுக்கு உதவக்கூடாது என்று கரையோர மாவட்டங்களில் படகுகளை அரசே பறித்தது, நெல்லை அப்புறப்படுத்தியது.

ஆனால் இந்த நாலு பாயிண்டும், அரிசி இல்லாததால் சனங்கள் செத்தார்கள் என்ற எண்ணத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். அங்கேதான் பாடம் தொடங்க வேண்டும்.

மகளையும் எதிர் ஃபிளாட் பையனையும் உட்கார வைத்து, ஒரு கிராஃப் தாளில் நான்கு புள்ளிகள் வைக்கச் சொன்னேன். கொல்கத்தாவில் அரிசியின் மொத்த விலை, மணங்குக்கு. வங்காளத்து மணங்கு ஏறக்குறைய 37 கிலோ. 1942 டிசம்பர் நடுவில் 13, 14 ரூபாய். 1943 மார்ச்சில் 21. மே மாதம் 30ஐத் தாண்டியது. ஆகஸ்டில் 37. எட்டே மாதத்தில் விலை இரண்டரை மடங்குக்கு மேல். கோடு போட்டு முடித்ததும், "இதே தாளில் வயக்காட்டுக் கூலியாளின் கூலியையும் போடுங்க" என்றேன். அந்தக் கோடு விலைக்கோட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் லட்சக்கணக்கான உயிர்கள் போயின.

பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் காட்டியது இதைத்தான். பஞ்சம் வந்த 1943இல் வங்காளத்தில் கிடைத்த தானியம், முந்தைய ஐந்து ஆண்டுச் சராசரியைவிட 5 சதவீத அளவுக்கே குறைவு; பஞ்சமே இல்லாத 1941ஐவிட அதிகம். சென்னின் கணக்கை மறுத்து எழுதிய ஆய்வாளர்களும் உண்டு, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகமில்லை. போருக்கு வேண்டிய ஆலைகளின் தொழிலாளர்களுக்கு நிறுவனங்கள் மூலம் மலிவு விலையில் அரிசி கிடைத்தது. கிராமத்துக் கூலியாளும், படகை இழந்த மீனவரும் கேட்பாரற்று நகரத்துக்கு நடந்துவந்து நடைபாதையில் விழுந்தார்கள். யாருக்கு அரிசி என்று யாரோ ஓரிடத்தில் முடிவு செய்தார்கள். யார் தலையில் விடிந்தது என்று அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும்.

இறந்தவர்கள் எத்தனை பேர்? அரசு அமைத்த பஞ்ச விசாரணை ஆணையம் 1945இல் சொன்னது சுமார் 15 லட்சம். சென் கணக்கிட்டது 30 லட்சத்தை ஒட்டி. ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பு. பரீட்சையில் எதை எழுதுவது என்று மகள் கேட்டாள். இரண்டையும் எழுதி, ஏன் வேறுபடுகிறது என்று எழுது என்றேன். கிராமத்துச் சாவைப் பதிவு செய்ய வேண்டியவர் சவுக்கிதார் என்ற ஊர்க்காவலர். பஞ்சத்தில் அவரே செத்துப்போனாலோ ஊரைவிட்டுப் போனாலோ பதிவேட்டில் எதுவும் ஏறாது. பசிக்குப் பின்னால் வந்த மலேரியா, அம்மைச் சாவுகளை எந்த வருஷம்வரை பஞ்சக் கணக்கில் சேர்ப்பது என்பதிலும் எண் மாறும். ஓர் எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்த பிள்ளை, நாளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் எந்த எண்ணையும் அப்படியே விழுங்காது. இந்தியப் புள்ளியியல் கழகத்தை மஹலநோபிஸ் 1931இல் தொடங்கியது இந்த ஊரில்தான். மாதிரிக் கணக்கெடுப்பு என்றால் என்ன என்று கொல்கத்தாப் பிள்ளை தெரியாமல் பத்தாம் வகுப்பை முடிப்பது நியாயமில்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பஞ்சத்தை அரசு முறைப்படி பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் நிவாரணக் கடமை வந்துவிடும். போர்க்காலத் தணிக்கைக்கு நடுவே, 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் ஆசிரியர் இயான் ஸ்டீஃபன்ஸ் 1943 ஆகஸ்ட் 22 அன்று நடைபாதையில் கிடந்தவர்களின் படங்களை அச்சிட்டார். அதன்பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. பத்திரிகைச் சுதந்திரம் ஏன் வேண்டும் என்ற குடிமையியல் கேள்விக்கு இந்த ஒரு நாள் போதும்.

சென்னையில் இருக்கும் அக்கா மகனுக்கு இதே பாடத்தைத் தாது வருஷப் பஞ்சத்தை வைத்து நடத்தலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் நடந்தது. நிவாரண வேலை செய்பவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். அது உயிர் தரிக்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். இன்று பறக்கும் ரயிலில் போகும் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்க்கும் அதே கால்வாய். பாடத்தில் படித்தது கண் முன்னால் கிடக்கிறது. காட்டித் தருவதற்குத்தான் ஆள் வேண்டும்.

நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது?

ஹூக்ளி நதி கொல்கத்தாவின் மேற்கே ஓடுகிறது. ஊர்ச் சாக்கடை அதில்தானே கலக்கும்? பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஊரின் சரிவு கிழக்கு நோக்கி. வெள்ளம் வரும்போதெல்லாம் நதி தன் கரையில் வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கரையை உயர்த்திவிட்டது. புவியியல் புத்தகத்தில் 'இயற்கைக் கரையணை' என்று ஒரு படம் போட்டிருப்பார்களே, அதன் மேல்தான் பழைய கல்கத்தா உட்கார்ந்திருக்கிறது. அதனால் தண்ணீர் நதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே சதுப்பு நிலத்தைப் பார்த்து ஓடுகிறது.

அங்கேதான் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் இருக்கிறது. சுமார் 12,500 ஹெக்டேர். 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைபாஸைத் தாண்டிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். வாய்க்காலில் கழிவுநீர் கறுப்பாக வருகிறது. சின்ன மதகைத் திறந்து அளவாகக் குளத்துக்குள் விடுகிறார்கள். குளத்துக்கு அங்கே 'பேரி' என்று பெயர். நாம் குளம் என்றதும் நினைக்கும் ஆழம் இல்லை, வெயில் அடிவரை போகிற ஆழம்தான். கரையோரம் ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அலை கரையை அரிக்காமல் இருக்கவும், உலோக நச்சை வேர் உறிஞ்சிக்கொள்ளவும். குளத்துத் தண்ணீர் பச்சையாக இருந்தது.

"காக்கு, அங்கே கறுப்பா வர்ற தண்ணி இங்கே எப்படிப் பச்சையாச்சு?" என்று மகள் வேலையில் இருந்த பெரியவரிடம் வங்காளத்தில் கேட்டாள். அவர் வானத்தைக் காட்டி, "வெயில்தான் வேலைக்காரன், நாங்க மதகைத் திறந்து மூடறோம்" என்றார். வெயிலில் பாசி பெருகுகிறது, பாசி உயிர்வளி தருகிறது, பாக்டீரியா கழிவை உடைக்கிறது, அதை உண்டு வளரும் நுண்ணுயிரை ரோகு, கட்லா, திலாப்பியா மீன்கள் தின்கின்றன. நகரம் கழிவென்று தள்ளியது மீனாகவும், அங்கே தாபா என்ற பகுதியில் விளையும் காய்கறியாகவும் அதே நகரத்தின் சந்தைக்குத் திரும்பி வருகிறது. இந்த ஏற்பாட்டை எந்தப் பொறியாளரும் வரைபடம் போட்டுக் கொடுக்கவில்லை. வித்யாதரி ஆறு தூர்ந்துபோன பிறகு, உப்புநீர் மீன்பிடிப்பு படுத்துப்போன காலத்தில், அங்கேயே வாழ்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்துச் செம்மை செய்த தொழில்நுட்பம் இது. அதன் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். சைக்கிளிலும் காலிலும் அலைந்து அந்த மக்களிடம் கற்றுக்கொண்டவர். 2018இல் காலமானார்.

இந்த நிலம் எப்படித் தப்பியது என்பது குடிமையியல் பாடம். மனை போடுகிறவர்களின் கண் அங்கே விழுந்தபோது ஒரு குடிமக்கள் அமைப்பு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1992இல் நீதிமன்றம் நில மாற்றத்துக்குத் தடை போட்டது. 2006இல் மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்த பிறகும் ஓரங்களில் நிரப்புவது நிற்கவில்லை. புவியியல், பொருளியல், வரலாறு, குடிமையியல் என்று நான்கு புத்தகமாகப் பிரித்துப் படிக்கும் விஷயங்கள் ஒரே வாய்க்கால் ஓரத்தில் சேர்ந்து நிற்கின்றன.

சென்னைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது. 2022இல் அதுவும் ராம்சார் பட்டியலில் வந்துவிட்டது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, இன்னொரு பக்கம் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள், நடுவில் நாரைகள். 2015 வெள்ளத்தில் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். வரைபடத் தாளில் காவிரியையும் கிருஷ்ணாவையும் குறிப்பதைவிட அது பிள்ளை மனதில் ஆழமாக நிற்கும்.

ஒரு பைசாவுக்கு ஒரு மாதம்

1953 ஜூலையில், லண்டனில் தலைமையகம் கொண்டிருந்த கல்கத்தா டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா ஏற்றியது. ஊர் கொதித்தது. பயணிகள் பழைய கட்டணத்தைத்தான் தருவோம் என்று நீட்டினார்கள். கூட்டம், கடையடைப்பு, தடியடி, கைது. டிராம்கள் கொளுத்தவும் பட்டன. கடைசியில் கட்டண உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது.

ஒரு பைசாவுக்கு இவ்வளவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டும். அப்போது ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் என்ன, நாளைக்கு எத்தனை தடவை டிராம் ஏறுவார், பிரிவினையில் எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு ஒரு பைசா என்றால் என்ன, பொதுப் போக்குவரத்தின் விலையை ஒரு தனியார் கம்பெனி முடிவு செய்யலாமா, எதிர்ப்புக்கு எந்த வழி சரி, வண்டியைக் கொளுத்தியது சரியா என்றெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கிளம்பும். இதே நகரில் 1873இல் குதிரை டிராமும் 1902இல் மின்சார டிராமும் ஓடத் தொடங்கின. 2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானம் – எஸ்பிளனேட் தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சாலையில் இடம் காருக்கா, டிராமுக்கா? பதினைந்து வயதுப் பிள்ளைகள் வாதாட இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு அரசியல் புத்தகத்தில் 'மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும்' என்று ஒரு பாடம் இருந்தது. நேபாள மக்கள் இயக்கமும் பொலிவியாவின் தண்ணீர்ப் போராட்டமும் அதில் வரும். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். கூடவே 'ஜனநாயகமும் பன்மையும்', 'ஜனநாயகத்தின் சவால்கள்' பாடங்களும் போயின. என் மகள் கையில் இருக்கும் புத்தகத்தில் அவை இல்லை. சுமை என்று எதையாவது இறக்க வேண்டுமென்றால் இறக்குவதற்கு வேறு எத்தனையோ பட்டியல்கள் இருந்தன. மக்கள் சேர்ந்து நின்றால் அரசு கேட்கும் என்ற செய்தியை இறக்கியிருக்கக் கூடாது. அதைத் திருப்பி வைக்க வேண்டும்.

போராட்டம் ஒரு பக்கம் என்றால், தினசரிக் குடிமை இன்னொரு பக்கம். கொல்கத்தா மாநகராட்சியில் 144 வார்டுகள், 16 பரோக்கள். 1924இல் இதன் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சித்தரஞ்சன் தாஸ். 27 வயதில் தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். இவ்வளவும் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைக்கு, தன் வார்டு எண் தெரிவதில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் மனு கொடுப்பது, ரேஷன் கார்டு யார் தருவது, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் பத்தாம் வகுப்பிலேயே கைவசம் இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005 என்று எழுதினால் ஒரு மார்க். வீட்டுப் பெரியவர் பெயரில் ஒரு மனுவைப் பிள்ளையே எழுதட்டும். மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய், பதில் தரக் கெடு 30 நாள். பதில் வரும்போது பிள்ளைக்குத் தன் நாட்டின் மேல் ஏற்படும் பிடிப்பு, எந்த முகவுரையை ஒப்பித்தாலும் வராது.

மறுபக்கக் கதையையும் கேட்கும் காது

அண்மைக்கால விஷயங்களைப் பாடத்தில் வைக்கலாமா? மேற்கு வங்கத்தில் அது வெறும் கேள்வியாக இல்லை. 2017இல் எட்டாம் வகுப்பு வரலாற்றில் சிங்கூர் போராட்டத்தைச் சேர்த்தார்கள். போராட்டத்தை நடத்திய கட்சியே ஆட்சியில் இருந்தபோது சேர்த்ததால் சர்ச்சை எழுந்தது. வைத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். எப்படி வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

சிங்கூரில் 2006இல் டாடாவின் கார் தொழிற்சாலைக்காக ஏறக்குறைய 1,000 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. நிலம் கொடுக்க மாட்டேன் என்ற விவசாயி ஒருவர். காசோலையை வாங்கிக்கொண்டு, மகனுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பிய விவசாயி இன்னொருவர். சொந்த நிலமில்லாமல் அந்த வயலில் கூலிக்கு உழைத்தவருக்கு இரண்டுமில்லை. 2008 அக்டோபரில் டாடா குஜராத்துக்குப் போனது. 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்து நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. 2023இல் நடுவர் தீர்ப்பாயம், மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் டாடாவுக்கு 765.78 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு தரப்பின் பக்கம் நின்று பேச வையுங்கள். அடுத்த வாரம் தரப்பை மாற்றிவிடுங்கள். யார் ஆட்சியில் இருந்தாலும் அப்படிப்பட்ட வகுப்பில் யாராலும் பிரச்சாரம் செய்ய முடியாது.

மனிதர்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். 1943 பஞ்சத்தின்போது மாகாண உணவு வழங்கல் அமைச்சர் சுஹ்ராவர்தி. 1946 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் படுகொலைகள் தொடங்கியபோது மாகாணப் பிரதமர் அவரே. 1947 ஆகஸ்டில், பேலியாகட்டாவில் ஹைதரி மன்ஸில் என்ற பாழடைந்த வீட்டில் காந்தியோடு தங்கி அமைதிக்காக நின்றவரும் அவர்தான். செப்டம்பர் 1ஆம் தேதி காந்தி அங்கே தொடங்கிய உண்ணாவிரதம் நான்காம் நாள் கலவரம் அடங்கிய பிறகே முடிந்தது. இந்த மூன்று காட்சியையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் பிள்ளை, ஒருவரை நல்லவர், கெட்டவர் என்று ஒரே வரியில் தீர்த்துவிடாது. அந்த வீடு இன்று காந்தி பவன் என்ற நினைவிடமாக இருக்கிறது. கொல்கத்தாவில் ஒவ்வொரு பள்ளியும் பிள்ளைகளை அங்கே ஒருமுறையாவது கூட்டிப்போக வேண்டும்.

எங்கள் மாடியில், மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மூதாட்டி இருக்கிறார். கிழக்கு வங்காளத்துப் பரிசாலில் பிறந்து, சின்ன வயதில் சியால்தா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர். பிளாட்பாரத்திலேயே குடும்பம் கிடந்ததையும், பிறகு விஜய்கட் பக்கம், போரின்போது ராணுவம் விட்டுப்போன கொட்டகைகளைச் சுற்றிக் குடியேறியதையும் அவர் சொல்லச் சொல்ல மகள் செல்போனில் பதிவு செய்தாள். நடுவில் மாஷிமா சொன்னார்: "எங்களை ஆற்றைத் தாண்டிவிட்டது ஒரு முஸ்லிம் படகுக்காரர். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை, மா." மகள் அதற்குப் பிறகு கேள்வி எதுவும் கேட்கவில்லை. பிரிவினையின் காரணங்கள் என்று அவள் எழுதிவைத்திருந்த ஆறு பாயிண்டுக்குக் கீழே அன்று ராத்திரி இந்த வாக்கியத்தையும் எழுதினாள்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான வாய்மொழி வரலாறு இல்லாத ஊரே கிடையாது. இலங்கையிலிருந்து மண்டபம் முகாமுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மேட்டூர் அணைக்கு நிலம் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்தவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. கேட்க ஆள் வந்தால் சொல்வதற்கு அவர்கள் தயார்.

மார்க்கும் வாத்தியாரும்

"இதெல்லாம் சரி, நீட்டுக்கும் ஜேஇஇக்கும் இது எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்கும் பிள்ளைக்குச் சமூக அறிவியலோடு உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. அடுத்த மூன்றே வருஷத்தில் அந்தப் பிள்ளைக்கு ஓட்டு வந்துவிடும். நாளை மருத்துவராகவும் பொறியாளராகவும் அதிகாரியாகவும் ஊரைப் பற்றி முடிவெடுக்கப் போவது அவர்கள்தான். ஊரைப் படிக்க அவர்களுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு இது.

பாடத்திட்டக் குழுக்களிடம் என் கோரிக்கை எளியது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு இருபது மார்க்கை, பிள்ளை தன் ஊரில் நேரில் போய்க் கேட்டு, பார்த்து, எழுதிய ஓர் ஆய்வுக்குக் கொடுங்கள். சிபிஎஸ்இயில் இப்போதும் புராஜெக்ட் இருக்கிறது, ஐந்து மார்க்குக்கு. அது வண்ணக் காகிதமும் ஸ்கெட்ச் பேனாவும் இணையத்திலிருந்து ஒட்டிய படங்களுமாகத்தான் முடிகிறது. அழகுக்கு மார்க் கிடையாது, யாரைக் கேட்டாய், எந்த ஆவணத்தைப் பார்த்தாய், எங்கே உனக்குச் சந்தேகம் வந்தது என்பதற்குத்தான் மார்க் என்று மாற்றுங்கள். பொதுத்தேர்விலும் ஒரு கேள்வி, முன்பின் பார்த்திராத ஒரு சான்றைக் கொடுத்து அதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று கேட்கட்டும். சஜெஷன் புத்தகத்தால் அதைக் கணிக்க முடியாது.

இதைச் செய்ய வாத்தியார் வேண்டும். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று அவர்களை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கிறோம். வங்காளத்தில் 2016 தேர்வு வழியாக நடந்த சுமார் 25,700 ஆசிரியர், ஊழியர் நியமனங்களை முறைகேட்டின் காரணமாக உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தது. நேர்மையாகத் தேர்ச்சி பெற்றவர்களும் அதில் சிக்கினார்கள், வகுப்பறைகள் தடுமாறின. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்கும் ஆசிரியரிடம் களப்பணி நடத்து என்று உத்தரவு போட்டால் நடக்காது. ஆளைப் போடுங்கள், அவர்களுக்குப் பயண நாளும் பயணச் செலவும் கொடுங்கள், மற்றதை அவர்கள் செய்வார்கள்.

அதுவரை பெற்றோர்கள் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் பற்றிக் கேட்டு முடித்ததும், "இந்த வருஷம் பிள்ளைகளை ஊருக்குள் எங்கே கூட்டிப்போகிறீர்கள்?" என்றும் கேளுங்கள். பள்ளி போகாவிட்டால் நீங்கள் கூட்டிப்போங்கள். வார்டு அலுவலகம், நீர் சுத்திகரிப்பு நிலையம், நீதிமன்றம், குப்பைமேடு, தெருக்கோடி வீட்டுப் பாட்டி என்று எதிலிருந்து தொடங்கினாலும் சரிதான். போய்வந்த பிறகு பிள்ளையை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய் ஆசிரியரிடம் காட்டுங்கள்.